விமானச் சிறகும் தறையாணியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமும் அவ்வாறே கருதி ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அவ்வேளையில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எம்மை அணுகி, “சேர், ரிவெட் என்பதற்குத் தமிழிலே சொல் இருக்கிறதா?” என்று வினவினான். தம் வீட்டிலேயே விமானம் அமைத்த ஒருவரைப் பற்றிய செய்தியை அவன் படித்திருந்தான். விமானத்தின் சிறகு முழுவதும் ரிவெட்டுகளாலேயே பொருத்தப்பட்டது என்பது அவன் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது.

“தறையாணி” என்றோம். தறைதல் என்பது பழைய வினைச்சொல். அடித்த ஆணியின் மறுமுனையைத் தட்டி நசுக்கி, அது மீளாதவாறு இறுக்குதல் என்பது அதன் பொருள். ஆணி பிடுங்கினால் வரும். திருகாணி எதிர்ப்புறம் திருகினால் வரும். தறைந்த ஆணியோ தன் தலையை இழந்தாலன்றி வெளிவராது. சொல்லைக் கேட்டு மகிழ்ந்த அம்மாணவன் அடுத்த வினாவையும் தொடுத்தான்: “கையால் வளைக்கக்கூடிய தகட்டில் அடித்த சிறிய ஆணி, ஆகாயத்தில் ஆளை எப்படிச் சேர் தாங்கும்?” அவ்வினாவிற்கு எம்மாலியன்ற விடையே இக்கட்டுரை.

பழைய விமானங்களின் சிறகு ஏறத்தாழக் குடையைப் போன்றது. மரச்சட்டம் பாரத்தைச் சுமந்தது. அதன்மேல் போர்த்திய துணி காற்றை மறித்தது. பின்னர் வந்த உலோகச் சிறகில் போர்வையும் பாரம் சுமக்கக் கற்றுக்கொண்டது. இதனை விளங்கிக்கொள்ள ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி போதும். பெட்டியின் ஒரு பக்கத் தகட்டை மட்டும் எடுத்தால் சிறுபிள்ளையும் அதனை வளைத்துவிடும். தகடுகள் ஒன்றோடொன்று பொருந்திப் பெட்டியாக நிற்கும்போதோ அதனை முறுக்குவது பெரியவருக்கும் அரிது. மூட்டு ஒன்று பிரிந்துவிட்டால் அவ்வலிமை முழுவதும் போய்விடும். ஆதலின் பெட்டியின் வலிமை தகட்டில் மட்டும் இல்லை, மூட்டிலும் இருக்கிறது.

விமானச் சிறகும் இத்தகைய பெட்டியே. அதன் நீளத்திற்கு முதுகெலும்புபோல ஓடுவது நெடுஞ்சட்டம். அதற்குக் குறுக்கே வரிசையாக நிற்பவை விலாச் சட்டங்கள். இவற்றின்மேல் அலுமினியக் கலப்பு உலோகத் தகடு தோலாகப் போர்த்தப்படுகிறது. சிறு விமானங்களில் இத்தோலின் தடிப்பு பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது. பறக்கும்போது காற்று சிறகை மேல்நோக்கி உயர்த்துகிறது. அப்போது மேற்புறத் தோல் நெருக்கப்படுகிறது. கீழ்ப்புறத் தோல் இழுக்கப்படுகிறது. தகடும் சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல முயல்கின்றன. அவ்வழுக்கலைத் தடுத்து இரண்டையும் ஓருடலாக்குவதே தறையாணியின் பணி. ஓர் ஆணி சுமப்பது சிறிதளவே. ஆயிரம் ஆணிகள் வரிசையாக நின்று பங்கிட்டுக்கொள்வதால் பெரும்பாரமும் அவற்றுக்கு எளிதாகிறது.

உருக்கி ஒட்டினால் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். 1906 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான அல்பிரட் வில்ம் என்பவர், அலுமினியத்தோடு செம்பும் மக்னீசியமும் சிறிதளவு சேர்த்துச் சூடாக்கி விரைந்து குளிரச் செய்தால், அக்கலவை நாட்கள் செல்லச் செல்லத் தானே கடினமாவதைக் கண்டார். டுராலுமின் எனப் பெயர்பெற்ற அவ்வுலோகத்தின் வழித்தோன்றல்களே இன்றைய விமானத் தகடுகள். வெப்பத்தை அளவறிந்து ஊட்டிப் பெற்ற அவ்வலிமையை, மூட்டில் பாய்ச்சும் அளவற்ற வெப்பம் கெடுத்துவிடும். தறையாணியோ வெப்பமின்றிக் குளிர்ந்த நிலையிலேயே அடிக்கப்படுவது. அது தகட்டின் இயல்பைக் கெடுப்பதில்லை.

வீட்டில் விமானம் அமைத்தல் கதையன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் போல் பொபெரெஸ்னி என்பார் 1953 ஆம் ஆண்டில் தொடங்கிய சங்கம், தாமே விமானம் அமைப்போரை உலகெங்கும் ஒன்றுசேர்த்தது. நம் நாட்டிலும் முன்னோடி ஒருவர் வாழ்ந்தார். மலைச்சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுக்கும் பயிர்முறைகளை வலியுறுத்தியவரும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கியவருமான ரே விஜேவர்தன அவர்கள், இலகு விமானங்களைத் தாமே வடிவமைத்து, அமைத்து, பறந்தும் காட்டினார். 1924 இல் பிறந்த அவர் 2010 இல் மறைந்தார். எம் மாணவன் படித்த செய்தியோ கேரளத்தவரான அசோக் தாமராட்சன் என்னும் பொறியியலாளரைப் பற்றியது. இங்கிலாந்தில் குடியேறிய அவர், கொரோனா முடக்கக் காலத்தில் தொடங்கி ஏறத்தாழப் பதினெட்டு மாதங்கள் உழைத்து, நால்வர் அமரும் உலோக விமானமொன்றை அமைத்தார். அதற்குத் தம் இளைய மகளின் பெயரைச் சூட்டிக் குடும்பத்தாருடன் பறந்தார். தென்னாபிரிக்காவிலிருந்து பாகங்களாக வந்த விமானம் அது. பாகங்கள் வந்துவிட்டன என்பதற்காக விமானம் வந்துவிட்டதாகாது. அவற்றை ஒன்றாக்கும் ஆணிகள் அமைப்போரின் கையாலேயே ஏறவேண்டும்.

இனிச் சிறகின் தோலைத் தறையும் முறையைக் காண்போம்.

முதலில் தகட்டைச் சட்டத்தின்மேல் வைத்துத் துளைகளைப் பொருத்துவர். கிளிக்கோ எனப்படும் வில்விசைக் கவ்விகளைத் துளைக்குத் துளை செருகி, தகடு நகராதவாறு இறுக்குவர். துளையைச் சரியான அளவுக்கு விரித்தபின் எல்லாவற்றையும் மீண்டும் கழற்றுவர். கழற்றுவது ஏன்? துளையிடும்போது விளிம்பில் மெல்லிய பிசிறு எழுகின்றது. அதனை நீக்காது விட்டால் இரு தகடுகளும் நெருங்கிப் படியா. பிசிறின் கூரிய முனையிலிருந்தே பின்னாளில் வெடிப்புத் தொடங்கவும் கூடும். ஆகவே ஒவ்வொரு துளையின் இருபுறமும் பிசிறு களைதல் வேண்டும். சிறகொன்றில் துளைகள் ஆயிரக்கணக்கின. இவ்வேலையில் சலிப்புற்றே பலர் விமானத்தை இடையிற் கைவிடுகின்றனர் என்றால் வியப்பில்லை.

அடுத்தது குழித்தல். ஆணியின் தலை தோலுக்குமேல் துருத்தி நின்றால் காற்று அதில் மோதி வேகம் குறையும். எனவே தலை தகட்டோடு சமனாக அமருமாறு, துளையைச் சுற்றிச் சிறு கிண்ணம்போல் அச்சால் அழுத்திக் குழிப்பர். தடித்த தகடாயின் கிண்ணத்தைக் குடைந்தே எடுக்கலாம். மெல்லிய தகட்டைக் குடைந்தால் துளையின் விளிம்பு கத்திமுனைபோல் மெலிந்துவிடும். அதனாலேயே அதனை அழுத்திக் குழிக்கின்றனர்.

பின்பு அரிப்பைத் தடுக்கும் பூச்சுப் பூசி, மீண்டும் கவ்விகளால் பொருத்தி, ஆணியை ஏற்றுவர். ஆணியின் ஒருபுறத்தில் தொழிற்சாலையிலேயே அமைந்த தலை உண்டு. அதனைப் பிறவித் தலை என்போம். மறுபுறம் வெறும் தண்டு. வெளியே நிற்பவர் காற்றழுத்தச் சுத்தியலைப் பிறவித் தலையில் வைத்து அடிப்பார். உள்ளே இருப்பவர் கனத்த இரும்புக் கட்டையொன்றைத் தண்டின் முனையில் நேராகப் பிடிப்பார். பட்டறைகளில் டாலி என வழங்கும் அக்கட்டையில் தண்டு மோதி, நசுங்கி, மற்றொரு தலையாகிறது. சுத்தியல் படுவது வெளித்தலையில்; தலையாக மலர்வது உள்முனை. தாங்குபவர் இல்லையேல் எத்துணை வலிமையான சுத்தியலும் தகட்டை நெளிக்குமேயன்றி ஆணியைத் தறையாது.

இதற்குக் கணக்கும் உண்டு. இரு தகடுகளையும் கடந்தபின் தண்டு தன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீண்டிருத்தல் வேண்டும். அடித்து முடிந்த தலையின் அகலம் விட்டத்தின் ஒன்றரை மடங்காகவும், உயரம் அரை மடங்காகவும் அமைதல் நன்று. 3.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஆணியாயின், அடித்த தலை 4.8 மில்லிமீற்றர் அகலமும் 1.6 மில்லிமீற்றர் உயரமும் கொண்டிருக்கும். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் விட்டத்தைப்போல் இரு மடங்கேனும் விலகியிருக்கவேண்டும். இல்லையேல் பாரம் ஏறும்போது ஓரம் கிழியும். குறைவாக அடித்தால் பிடிப்பில்லை. மிகுதியாக அடித்தால் தலை வெடிக்கும், தகடும் உப்பும். கட்டை சாய்ந்தால் தலை ஒருபக்கம் மடங்கிவிடும். மறுபுறம் கையே நுழையாத இடங்களுக்கென, வெளியிலிருந்தே உள்ளூசியை இழுத்துத் தறையும் ஒருபக்க ஆணிகளும் உள. கேரளத்தவர் அமைத்த விமானத்தின் இனத்தில் அவையே பெரும்பான்மை. அவற்றிலும் துளையும் பிசிறும் நெருக்கமும் பற்றிய கவனம் இம்மியும் குறைவதற்கில்லை.

சிறகின் மேல்தோல் முடிந்து கீழ்த்தோலும் மூடப்படும் கட்டத்தில் உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர் காணமுடியாது. விலாச் சட்டத்தின் துளைகளூடே தோள்வரை கையை நுழைத்து, சில வேளை கண்ணால் காணாது விரலால் தடவியே ஆணியைத் தாங்கவேண்டும். சுத்தியலின் ஓசையிற் பேச்சும் கேளாது. அதனால் விமானத் தொழிலாளரிடையே தட்டுமொழி ஒன்று வழங்குகின்றது. உள்ளே இருப்பவர் தகட்டில் ஒருமுறை தட்டினால் “இன்னும் அடி”. இருமுறை தட்டினால் “நன்று, போதும்”. மும்முறை தட்டினால் “பழுது, அகற்று”. இம்மூன்று சொற்களையன்றி அம்மொழியில் வேறு சொல் இல்லை. பொய் சொல்லவும் அதில் இடமுண்டு என்பதை யாம் இளமையிலேயே அறிந்தோம்.

எம் தந்தையார் ஹற்றன் பகுதித் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்து வழக்கிற் சொன்னால் ஸ்டோரில், பிட்டராக இருந்தார். எமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஸ்டோர் ஓய்ந்திருந்த ஞாயிறு ஒன்றில், தேயிலை உலர்த்தும் பொறிக்குச் சூடான காற்றைக் கொண்டுசெல்லும் தகட்டுக் குழாயை அவர் பழுதுபார்க்க நேர்ந்தது. பெரியவர் நுழைய இயலாத அக்குழாயினுள், டாலியைப் பிடிக்கும் பொறுப்பு எமக்கு வாய்த்தது. எமக்குள் ஏற்பாடு எளிது: ஒரு தட்டு நன்று, இரு தட்டு பழுது. முதல் இருபது ஆணிகள் ஒழுங்காக ஏறின. பின்பு கை கடுத்தது. புகைக்கரி கண்ணில் விழுந்தது. டாலி வழுக்கியது. ஆணியின் முனை தலையாகாது ஒருபக்கம் மடங்கிக் கிடந்தது. அதனை விரலால் தடவி அறிந்தும் யாம் ஒரே தட்டுத் தட்டினோம். அடுத்து வந்த இரண்டுக்கும் அவ்வாறே செய்தோம்.

மாலையில் தந்தையார் விளக்கொன்றைக் குழாயினுள் நீட்டி, சிறு கண்ணாடியிற் பார்த்தார். ஏசவில்லை, அடிக்கவுமில்லை. அம்மூன்று ஆணிகளின் தலையையும் துளையிட்டு உடைத்து, தண்டைத் தட்டி வெளியேற்றிவிட்டு, எம்மை மீண்டும் உள்ளே போகச் சொன்னார். “மூட்டு விட்டால் காற்றாடி அடுப்பறைப் புகையை உள்ளே இழுத்துவிடும். பிறகு நம்ம ஆளுங்க மழையிலே நனைஞ்சு எடுத்த கொழுந்தெல்லாம் புகை நாறும்” என்றார். சிறிது பொறுத்து, “உள்ளே இருக்கிறவன் சொல்லைத்தானே ராசா, வெளியே இருக்கிறவன் நம்பணும்” என்றார். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அச்சொல் எம் செவியிலிருந்து நீங்கவில்லை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் யாம் பெற்ற பயிற்சிக்கும் முற்பட்ட பாடம் அது.

புகைவாடை ஏறிய தேயிலையால் நட்டமே விளையும். விமானத்தில் விளைவது வேறு. 1978 ஆம் ஆண்டில் ஜப்பானிய விமானமொன்று தரையிறங்கும்போது வாற்பகுதி உரசிச் சேதமுற்றது. அதன் பின்பக்க அழுத்தச் சுவரைப் பழுதுபார்த்தபோது, முழுத் தகடாக வைக்கவேண்டிய இணைப்புத் தகடு இரண்டாக வெட்டி வைக்கப்பட்டது. அதனால் இரு வரிசை ஆணிகள் சுமக்கவேண்டிய பாரத்தை ஒரு வரிசையே சுமந்தது. வெளிப்பார்வைக்கு மூட்டில் குறையொன்றும் தோன்றவில்லை. ஏழு ஆண்டுகள் அவ்விமானம் பறந்தது. 1985 ஓகஸ்ட் 12 ஆம் நாள் அச்சுவர் பிளந்தது. விமானத்திலிருந்த 524 பேரில் 520 பேர் மாண்டனர்.

மூன்றாண்டுகள் கழித்து, 1988 ஏப்ரல் 28 ஆம் நாள், ஹவாய்த் தீவுகளின்மேல் 24,000 அடி உயரத்திற் பறந்த விமானமொன்றின் கூரை பெரும்பகுதி பிய்ந்து பறந்தது. ஏறத்தாழ 90,000 முறை ஏறி இறங்கிய விமானம் அது. தகடுகளை ஒட்டிய பசை விட்டுப்போக, பாரமெல்லாம் ஆணித்துளைகளின் மெலிந்த விளிம்புகளில் ஏறியது. துளைக்குத் துளை தோன்றிய மயிரிழை வெடிப்புகள் ஒன்றோடொன்று கைகோத்தன. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஏனையோரை விமானிகள் அரிதின் முயன்று தரைசேர்த்தனர். அவ்விமானத்தில் ஏறும்போதே வாயிலருகே தகட்டில் வெடிப்பொன்றைக் கண்ட பயணி ஒருவர், அதனை எவரிடமும் கூறாதிருந்துவிட்டார் எனப் பின்னர் விசாரணையில் தெரியவந்தது. தட்ட வேண்டிய தட்டைத் தட்டாது விடுவதன் விலை இதுவாம்.

ஆகவே வீட்டில் விமானம் அமைப்போர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் ஆணியை அகற்றும் பாடமாகும். தலையின் நடுவே அளவோடு துளையிட்டு, தலையை ஒடித்து, தண்டைத் தட்டி வெளியேற்றவேண்டும். அவசரப்பட்டால் துளை பெரிதாகிவிடும். பழுதான ஆணியை எடுக்கப்போய்த் தகட்டையே கெடுத்தவர் பலர். பழகியவர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடும்வரை மூடப்படாத சிறகு மூடப்படுவதில்லை. பிழை நேர்வது இழுக்கன்று. பிழையின்மேல் தோலைப் போர்த்துவதே இழுக்கு.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பாரும் இருப்பர். மலையகத்திற்கும் தறையாணிக்கும் உள்ள உறவு சிறிதன்று. 1914 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாம்பன் பாலத்தின்வழி நம் முன்னோரிற் பலர் இத்தீவுக்கு வந்தும் போயும் இருந்தனர். கப்பலுக்கு வழிவிடத் திறந்த அதன் இரும்புக் கைகள் தறையாணிகளாற் பிணைக்கப்பட்டிருந்தன. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர்விமானம் இறங்கக் கண்டவர் நம்மிடையே உளர். அதன் சிறகை அருகிருந்து நோக்கியவர் ஆணி வரிசைகளையும் கண்டிருப்பர். ரோதை முனிக்குப் படையல் இட்டு, ஆயுத பூசையன்று சுத்தியலுக்கும் சாவிக்கும் சந்தனம் வைக்கும் தொழிற்சாலைகளிலே, எம் தந்தையாரைப்போலத் தகட்டின் மொழியறிந்த பிட்டர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்துள்ளனர்.

ஆயினும் நம்மிடையே ஒரு குறை உண்டு. பிள்ளை படித்துவிட்டான் என்பதற்கு, இனி அவன் கையில் சுத்தியல் இராது என்பதே பொருள் எனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். லயத்தில் பட்ட துன்பத்தை எண்ணும்போது அவ்வெண்ணத்தை யாம் பழிக்கமாட்டோம். 2013 ஆம் ஆண்டு முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு அமைந்துள்ளது, அதிற் சேர விரும்பும் மாணவனை, “ஸ்டோர் வேலைக்கா இவ்வளவு படித்தாய்?” எனக் கேட்டுத் தடுப்பதையும் யாம் கண்டுள்ளோம். தந்தை குழாயிற் செய்ததும் பொறியியலாளர் சிறகிற் செய்வதும் தொழிலால் ஒன்றே. இடையிலுள்ள வேறுபாடு கணக்கும் நூலறிவுமாகும். அவற்றைக் கொடுப்பது கல்லூரி. கையின் நேர்மையைப் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறான்; கல்லூரியில் அதனை இழந்துவிடாதிருத்தல் போதும்.

அம்மாணவன் வினாவோடு நின்றுவிடவில்லை. தொழில்நுட்ப ஆசிரியரின் துணையோடு, தோழன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டு, விழாக் கண்காட்சிக்கெனச் சிறகின் துண்டொன்றை அமைத்துள்ளான்: மூன்று விலாச் சட்டங்கள், ஒரு தகடு, நாற்பது ஆணிகள். முதல் நாள் ஒருவன் அடிக்க ஒருவன் தாங்கினான். மறுநாள் இடம் மாறிக்கொண்டனர். ஏழு ஆணிகளை அகற்றி மீண்டும் அடிக்க நேர்ந்தது என அவர்களே எழுதி அதனருகில் வைத்துள்ளனர். அவ்வேழினையும் உள்ளே இருந்தவனே மும்முறை தட்டி அறிவித்தான்.

விழாவிற்கு வரும் பழைய மாணவர்கள் அத்துண்டைக் காணத் தவறலாகாது. மேற்புறம் வழவழப்பாக இருக்கும். அதனைப் பார்த்து மகிழ்க. பின்பு அதனைத் திருப்பிக் கீழ்ப்புறத்தையும் பார்க்க. அதற்காகவே அவர்கள் அதனை மூடாது விட்டிருக்கின்றனர்.